கும்பிடுபூச்சி (மாந்திஸ்) குங்ஃபூ: எத்தனை கிளை, எது எதிலிருந்து வேறு?

கேள்வி இது: "ஏழு நட்சத்திர மாந்திஸ் கற்றுக்கொள்கிறேன். எங்கள் மாஸ்டர் பெங்பூ என்ற ஃபார்ம் (வரிசையாகக் கோத்த அசைவுத் தொடர்) சொல்லித்தந்தார். யூடியூபில் அதே பெயரில் பார்த்தால் அசைவுகள் வேறு மாதிரி இருக்கின்றன. பிளம் பூ, தைஜி, ஆறு இணக்கம், எட்டு அடி, தெற்கு மாந்திஸ் என்று வேறு பெயர்களும் வருகின்றன. இவையெல்லாம் ஒரே கலையா? எது அசல்?"

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கு மாந்திஸுக்கும் தெற்கு மாந்திஸுக்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது. வடக்குக்குள் ஏழு நட்சத்திரம், பிளம் பூ, தைஜி, எட்டு அடி ஆகியவை நெருங்கிய சொந்தங்கள். ஆறு இணக்கம் அதே வட்டாரத்தில் வளர்ந்தது, ஆனால் உடம்பைப் பயன்படுத்தும் விதம் கணிசமாக வேறு. பெங்பூ ஆளுக்கு ஆள் மாறுவது சகஜம். அதைப் பார்த்து உங்கள் மாஸ்டர் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

இனி விரிவாகப் பார்ப்போம். பெயர்களை வைத்துக்கொண்டு இந்தக் கலையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. கை ஒன்றைத் தொட்ட பிறகு என்ன செய்கிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது, வலு உடம்பின் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்ற மூன்றையும் கவனித்தால் வித்தியாசம் தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வடக்கு மாந்திஸின் சொந்த ஊர் சீனாவின் ஷாண்டோங் மாகாணம். அதிலும் கிழக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பப் பகுதி: லாய்யாங், ஹாய்யாங், யான்டாய், சிங்டாவ், ஹுவாங்ஷியன் போன்ற ஊர்கள். வாங் லாங் என்பவர் சண்டையில் தோற்று, மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கும்பிடுபூச்சி சில்வண்டைப் பிடிப்பதைப் பார்த்து, அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குச்சியால் சீண்டிச் சீண்டி முன்னங்கால் அசைவுகளைக் கற்றார் என்பது எல்லாக் கிளைகளும் சொல்லும் கதை. பூச்சிக்குக் கால் வேகம் போதாது என்று குரங்கின் நடையைக் கீழே சேர்த்தாராம். மிங் ஆட்சியின் முடிவு, சிங் ஆட்சியின் தொடக்கம் என்று காலம் சொல்வார்கள். அவர் உண்மையில் வாழ்ந்தார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

இந்தக் கதையோடு ஒரு பழைய பாடலும் உண்டு. பதினெட்டு பேரின் கலைகளைச் சேர்த்து மாந்திஸ் உருவானது என்று அது வரிசைப்படுத்தும். சோங் வம்சத்தை நிறுவிய பேரரசரின் நீள்கைச் சண்டையில் தொடங்கி, பதினெட்டாவதாக வாங் லாங்கில் முடியும். நடுவில் யான் சிங், லின் சோங் என்று இரண்டு பெயர்கள் வரும். இருவரும் சீனாவின் புகழ்பெற்ற பழைய கொள்ளையர் கதையில் வரும் வீரர்கள். ஆகவே அந்தப் பட்டியலை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதில் வேறொரு மதிப்பு இருக்கிறது. யான் சிங் பெயருக்கு நேராகப் பிடித்து வீழ்த்தும் முறை, லின் சோங் பெயருக்கு நேராக இரட்டை உதை, இன்னொருவர் பெயருக்கு நேராகக் கொக்கி போட்டுப் பறிக்கும் கை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நுட்பம் சொல்லப்பட்டிருக்கும். தங்கள் கலையில் என்னென்ன இருக்கிறது என்று பழைய ஆசிரியர்களே போட்ட உள்ளடக்கப் பட்டியல் என்று அதைப் படித்தால் பயன் உண்டு. மாந்திஸ் முழுக்க ஒரு பூச்சியைப் பார்த்துச் செய்த நகல் என்ற எண்ணமும் அங்கேயே உடைந்துவிடும்.

கதையிலிருந்து வரலாற்றுக்குள் வருவது லீ பிங்ஷியாவ், ஜாவ் ஜூ, லியாங் ஷுவேஷியாங் என்ற வரிசையில்தான். மூன்றாமவரான லியாங் ஷுவேஷியாங் (1810–1895) ஹாய்யாங்காரர். அவர் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதிகள் மாந்திஸ் பற்றிக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகளில் முக்கியமானவை. அவர் வழியில் மையமாக இருந்தவை மூன்று ஃபார்ம்கள்: பெங்பூ, லுவான்ஜியே, பாஜோ. பாஜோ என்பது எட்டு முழங்கை. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க இவைதான் முதல் அடையாளம்.

அடுத்த அடையாளம் பன்னிரண்டு சொற்கள். கொக்கி போடு, வாரி இழு, பறி, மேலே ஏந்தித் தடு, பிடித்துத் திருப்பு, நுழை, சட்டென்று தகர், அடி. பிறகு ஒட்டு, விடாமல் ஒட்டியிரு, நெருங்கு, சாய்ந்து மோது. வரிசையும் ஓரிரு சொற்களும் கிளைக்குக் கிளை மாறும், ஆனால் வடக்கு மாந்திஸ் என்று சொல்லிக்கொள்ளும் எந்த ஆசிரியரும் இதைத் தெரியாமல் இருக்க மாட்டார்.

இதில் முதல் மூன்றும் சேர்ந்து ஒரே நுட்பமாகும்போது எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நின்று பார்ப்போம். எதிராளி வலக்கையால் நேராகக் குத்துகிறார். உங்கள் இடது மணிக்கட்டு வளைந்து அந்தக் கையில் கொக்கியாக விழுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிடிக்க, மற்ற இரண்டும் உள்ளே மடங்கியிருக்கும். உடனே உங்கள் வலக்கை வந்து அதே கையை மணிக்கட்டில் வாரி இழுக்கிறது. அப்போது இடக்கைக்கு வேலை முடிந்துவிட்டது, அது விடுபட்டு எதிராளியின் முழங்கைக்கு மேலே தாவிப் பறித்துக் கீழே அழுத்துகிறது. அங்கே பிடிப்பு வந்ததும் வலக்கை விடுபட்டு முஷ்டியாகி முகத்துக்குப் போகிறது. எழுதும்போது நான்கு வேலை. செய்யும்போது ஒரே மூச்சு. இரண்டு கைகளும் மாறி மாறி எதிராளியின் கை மேல் ஏணி ஏறுகின்றன, எந்த நேரத்திலும் ஒரு கை அவரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. பார்ப்பதற்குப் பூச்சி மாதிரி இருப்பது கொக்கி விரல்தான். ஆனால் கலையின் உயிர் இந்தக் கைமாற்றத்தில் இருக்கிறது.

இப்போது கிளைகளுக்கு வருவோம், ஒவ்வொன்றும் இதே நுட்பத்தை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே.

ஏழு நட்சத்திரம், சீன மொழியில் சீஷிங், இன்று உலகத்தில் அதிகம் பரவியிருப்பது இதுதான். அதன் வரிசையில் லீ சான்ஜியான், அவரிடமிருந்து யான்டாய் பக்கத்து வாங் ரோங்ஷெங், அவரிடமிருந்து ஃபான் ஷூடோங், அவரிடமிருந்து லுவோ குவாங்யூ. ஃபான் ஷூடோங் மிகப் பெரிய உடம்புக்காரர், இரும்புக் கைப் பயிற்சிக்குப் பெயர் போனவர். பாய்ந்துவந்த மாடுகளை அடித்து வீழ்த்தினார் என்றெல்லாம் அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. கதை கிடக்கட்டும், அந்த உடம்பும் அந்தக் கையும் இந்தக் கிளையின் மேல் தடம் பதித்திருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன். ஏழு நட்சத்திரத்தில் நிலைகள் நீளமாகவும் தெளிவாகவும் இருக்கும். குத்துக்கும் குத்துக்கும் நடுவே உடம்பின் வடிவம் பளிச்சென்று தெரியும். வலு கடினமான பக்கம் சாயும்.

பெயர்க்காரணம் காலில் இருக்கிறது. ஏழு நட்சத்திர நிலையில் பின்காலை மடக்கி எடையை அதன் மேல் வைத்து, முன்காலை நீட்டி, குதிகால் மட்டும் தரையில் பட, விரல்களை மேலே தூக்கி வைப்பார்கள். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்கள் வளையும் வடிவம் அது என்று சொல்வார்கள். தலை, தோள், முழங்கை, கை, இடுப்பு, முழங்கால், பாதம் என்று ஏழு உறுப்புகளும் ஆயுதம் என்பது இன்னொரு விளக்கம். புதிதாகச் சேர்பவர்கள் இந்த நிலையை அழகுக்கான போஸ் என்று நினைத்து அப்படியே நிற்கப் பழகுகிறார்கள். அது தவறு. மேலே நான் சொன்ன கைமாற்றம் நடக்கும் அதே நொடியில் இந்த முன்கால் எதிராளியின் கணுக்காலுக்குப் பின்னால் நுழைந்து வாரும், அல்லது கெண்டைக்கால் எலும்பில் இடிக்கும். கை ஒரு பக்கம் இழுக்க, கால் எதிர்ப்பக்கம் தடுக்க, ஆள் விழுவார். கால் வேலை செய்யாத ஏழு நட்சத்திர நிலைக்கு எந்த அர்த்தமும் இல்லை.

இந்தக் கிளை பரவியதற்குக் காரணம் ஷாங்காயின் ஜிங்வூ என்ற தற்காப்புக் கலைச் சங்கம். நம் ஊர்க்காரர்களுக்கு கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சின் வூ என்ற பெயரில் தெரிந்த அதே அமைப்பின் தாய்ச் சங்கம். 1910-இல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு 1919-இல் மாந்திஸ் ஆசிரியராகப் போனவர் லுவோ குவாங்யூ (1888–1944). பிறகு ஹாங்காங்கிலும் கற்பித்தார். அவருடைய மாணவர் வோங் ஹோன் ஃபுன் மாந்திஸ் ஃபார்ம்களைப் புத்தகம் புத்தகமாக எழுதி வெளியிட்டார். கையெழுத்துப் பிரதியாகக் குடும்பத்துக்குள் பூட்டிவைத்த விஷயம் அச்சில் வந்ததால், வெளியுலகத்துக்கு மாந்திஸ் என்றாலே ஹாங்காங் ஏழு நட்சத்திரம் என்ற படம் பதிந்துவிட்டது. வெள்ளைக் குரங்கு குகையிலிருந்து வருவது, வெள்ளைக் குரங்கு பீச் பழம் திருடுவது என்ற பெயருள்ள ஃபார்ம்கள் உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் நீங்கள் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறீர்கள். ஃபார்ம்களின் எண்ணிக்கை மிக அதிகம் என்பது இந்த வழிக்குச் செல்வம், அதுவே சுமையும்கூட. வருடக்கணக்கில் ஃபார்ம் சேர்த்துக்கொண்டே போய், கொக்கி ஒன்றைக்கூட எதிராளியின் கையில் போடத் தெரியாதவர்கள் இந்தக் கிளையில்தான் அதிகம். அதற்குக் கலை பொறுப்பில்லை, ஃபார்ம் எண்ணிக்கையை வைத்து முன்னேற்றத்தை அளக்கும் பழக்கம்தான் பொறுப்பு.

பிளம் பூ, தைஜி, தைஜி பிளம் பூ: இந்த மூன்று பெயர்களும்தான் அதிகக் குழப்பம் தருபவை. மூன்றும் லியாங் ஷுவேஷியாங்கின் மாணவர்களிடமிருந்து வருகின்றன. ஜியாங் ஹுவாலோங், சோங் ட்ஸூடே, ஹாவ் லியான்ரு என்ற மூன்று பெயர்களைப் பிடித்துக்கொண்டால் போதும். ஜியாங்கும் சோங்கும் நெருங்கிய கூட்டாளிகள், மாணவர்களை மாற்றி மாற்றிப் பயிற்றுவித்தவர்கள். அவர்களிடம் வளர்ந்த லீ குன்ஷான், வாங் யூஷான், சுய் ஷோஷான் என்ற மூவரையும் பெயரில் மலை வருவதால் லாய்யாங்கின் மூன்று மலைகள் என்று கொண்டாடுவார்கள். ஹாவ் லியான்ருவின் வழி அவருடைய பிள்ளைகள் மூலம் போனது, அதுதான் பொதுவாகத் தைஜி பிளம் பூ என்று அழைக்கப்படுகிறது. ஒரே ஆசிரியருடைய மாணவர்களின் மாணவர்களில் ஒருவர் பிளம் பூ என்பார், இன்னொருவர் தைஜி என்பார், மூன்றாமவர் இரண்டையும் சேர்த்துச் சொல்வார். உள்ளே போய்ப் பார்த்தால் பெங்பூவும் லுவான்ஜியேயும் பாஜோவும் மூவரிடமும் இருக்கும். ஜாய்யாவ் என்ற சாரத் தொகுப்பும் ஆறு பகுதிகளாக இருக்கும்.

இங்கே இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். தைஜி மாந்திஸ் என்பது பூங்காக்களில் மெதுவாகச் செய்யும் தைச்சியையும் மாந்திஸையும் கலந்தது இல்லை. தைஜி என்ற சொல் இங்கே கடினமும் மென்மையும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் என்ற தத்துவத்தைக் குறிக்கிறது. இன்று சிலர் உண்மையாகவே இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தருகிறார்கள், அது வேறு விஷயம். ஹாங்காங்கில் தைஜி மாந்திஸ் என்ற பெயரை நிலைநாட்டியவர் சியூ சுக் காய் (1900–1991). அதற்கு முன் வியட்நாமிலும் கற்பித்தவர். அவர் வழி மாணவர்களைப் பார்த்தால் மெதுவாக எதுவும் இருக்காது, நல்ல வேகத்தில் அடிப்பார்கள்.

சரி, ஏழு நட்சத்திரத்திலிருந்து இவர்கள் எப்படி வேறு? பிளம் பூவுக்கு ஐந்து இதழ். அடிகளும் அப்படித்தான், மூன்றாகவோ ஐந்தாகவோ இணைந்து வரும், நடுவில் வெட்டு இருக்காது. அதே கொக்கி, வாரல், பறித்தல் இங்கே நடக்கும்போது, கைகள் இழுப்பதைவிட இடுப்பு சுழன்று இழுக்கும். முகத்துக்குப் போகும் முஷ்டியோடு வேலை முடியாது. அது தடுக்கப்பட்டால் தடுத்த கையே அடுத்த கொக்கிக்கு இரை, அங்கிருந்து முழங்கை, அங்கிருந்து மறுகை உள்ளங்கை. நிலைகள் சற்று உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும். குதிகால் நிலையைவிட, முழங்கால்கள் உள்ளே நெருங்கி உடம்பு முறுக்கிக்கொள்ளும் பச்சைக்கல் வளைய அடியை அதிகம் பார்ப்பீர்கள். ஏழு நட்சத்திர மாணவர் ஒருவர் ஒவ்வொரு அசைவையும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவார் என்றால், பிளம் பூ மாணவர் முதல் அசைவு முடியும் முன்பே அடுத்ததில் இருப்பார். ஒருவருக்கு எதிரே நின்று பயிற்சி செய்யும்போது இந்த வித்தியாசம் கண்ணைவிடக் கையில் சீக்கிரம் தெரியும்: ஏழு நட்சத்திரக்காரர் இழுத்தால் தோள் அதிரும், பிளம் பூக்காரர் இழுத்தால் கால் நகர்ந்துவிடும்.

உங்கள் பெங்பூ சந்தேகத்துக்கும் பதில் இங்கேதான். பெங்பூ ஏழு நட்சத்திரத்திலும் உண்டு, பிளம் பூவிலும் உண்டு. பொதுவான எலும்புக்கூடு ஒன்று, அதன் மேல் ஒவ்வொரு வழியும் தன் உடம்பைப் போர்த்தியிருக்கிறது. ஒரே வழிக்குள்ளும் ஆசிரியர் மாணவரின் உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாற்றியிருப்பார். அசல் பெங்பூ என்று ஒன்றைக் காட்ட யாராலும் முடியாது. இரண்டு பெங்பூக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டிலும் மாறாமல் இருப்பவை எவை என்று எழுதிவையுங்கள். அதுதான் அந்த ஃபார்மின் பாடம். எந்த இடத்தில் மாறுகின்றன என்பது அந்தந்தக் கிளையின் சுபாவத்தைச் சொல்லும்.

எட்டு அடி மாந்திஸ் எல்லாவற்றிலும் இளையது. ஜியாங் ஹுவாலோங் பாகுவா, டோங்பெய் போன்ற மற்றக் கலைக்காரர்களோடு கலந்து பழகித் தன் மாந்திஸைத் திருத்தியமைத்ததிலிருந்து இது வந்ததாகச் சொல்கிறார்கள். அவருக்குப் பின் ஃபெங் ஹுவான்யீ, பின் வெய் ஷியாவ்டாங். வெய் ஷியாவ்டாங் தைவானுக்குப் போய்த் தைபேயில் கற்பித்து 1984-இல் மறைந்தார். அதனால் எட்டு அடி என்றாலே தைவான்தான் நினைவுக்கு வரும். பெயருக்கேற்றபடி அடிவைப்புதான் இதன் பலம். பழைய மாந்திஸ் கைகளுக்குத் தூரத்தை அடைக்கும் கால்கள் போதவில்லை என்ற குறையை இது நேரடியாக எடுத்துக்கொள்கிறது. கொக்கி போட்டதும் நின்ற இடத்திலேயே கைமாற்றம் செய்யாமல், நடந்துகொண்டே எதிராளியின் பக்கவாட்டுக்கோ பின்பக்கத்துக்கோ போய்விடுவார்கள். முழங்கையைப் பறித்த கை அங்கேயே பூட்டாக மாறும், அடுத்த அடி எறிதலாக முடியும். மல்யுத்தமோ ஜூடோவோ பழகியவர்களுக்கு வடக்கு மாந்திஸில் எளிதாக ஒட்டும் கிளை இது என்பது என் அபிப்பிராயம்.

ஆறு இணக்கம், லியூஹே, எனக்கு மிகவும் பிடித்தது. பிடித்தது என்பதால் கூடவே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். மனமும் எண்ணமும், எண்ணமும் மூச்சும், மூச்சும் வலுவும் இணைவது உள்ளே மூன்று. கையும் காலும், முழங்கையும் முழங்காலும், தோளும் இடுப்பும் இணைவது வெளியே மூன்று. இந்த ஆறும் மற்றச் சீனக் கலைகளிலும் உண்டு. ஆனால் இந்தக் கிளை அதையே பெயராக வைத்துக்கொண்டு, அதற்கு உண்மையாகவும் நடந்துகொள்கிறது.

இதன் வரிசை லியாங் ஷுவேஷியாங்கின் வழியாக வரவில்லை. வெய் டெலின் என்பவரிடம் தொடங்குகிறது. விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்ததால் வாத்துக் கை என்று அவருக்குப் பட்டப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அவரிடமிருந்து லின் ஷீசுன், அவரிடமிருந்து ஹுவாங்ஷியனைச் சேர்ந்த டிங் ட்ஸூசெங். பாஜி கலைக்குப் பெயர் போன லியூ யுன்சியாவ் (1909–1992) டிங் ட்ஸூசெங்கிடம் ஆறு இணக்கம் கற்றவர். டிங்கின் இன்னொரு மாணவர் ஜாங் ஷியாங்சான். இவர்கள் இருவர் வழியாகவும் தைவானில் இது வேர்விட்டது.

இங்கே பெங்பூ இல்லை. குறுங்குத்து, இரும்பு முள், இலைக்கடியில் மறைந்த பூ என்று முற்றிலும் வேறு ஃபார்ம்கள். இதைவிட முக்கியம், கொக்கியே கண்ணில் படாது. புதிதாகப் பார்ப்பவர் இதை மாந்திஸ் என்று நம்பவே மாட்டார். கைகள் திறந்த உள்ளங்கைகளாக, தொங்கும் முழங்கைகளோடு, செங்குத்தான வட்டங்களில் உருண்டுகொண்டிருக்கும். அந்தக் குத்து வந்தால் இவர் அதைப் பிடிக்க மாட்டார். ஈரத்துணி கையில் சுற்றிக்கொள்வதுபோல இவருடைய முன்கை அதன் மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும். எதிராளி கையைப் பின்னுக்கு இழுத்தால் அதோடு உள்ளே வரும், முன்னுக்குத் தள்ளினால் சுழன்று கீழே கொண்டுபோகும். எந்த நொடியில் தொடுதல் கொக்கியானது, எந்த நொடியில் அது அடியானது என்று சொல்ல முடியாது. இலைக்கடியில் மறைந்த பூ என்ற பெயர் இந்த உத்தியைத்தான் சொல்கிறது: மேலே இருக்கும் கை பார்வையை மறைக்கும், அதற்குக் கீழிருந்து மறுகை புறப்படும். கடினமான வலு இங்கேயும் உண்டு, ஆனால் அது கடைசி நொடியில் மட்டும் வெளிவரும்.

ஏழு நட்சத்திரம் கடினம், பிளம் பூ பாதிக்குப் பாதி, ஆறு இணக்கம் மென்மை என்று ஒரு பொதுவான வரிசை சொல்வார்கள். ஆரம்பத்துக்கு அது உதவும், அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம். அறுபது வயதான ஏழு நட்சத்திர மாஸ்டரின் கை ஆறு இணக்க இளைஞனின் கையைவிட மென்மையாக இருப்பதை நானே தொட்டு உணர்ந்திருக்கிறேன்.

இவை தவிர வெற்றுப்பலகை மாந்திஸ், ரகசியக் கதவு மாந்திஸ், நீள்கை மாந்திஸ் என்று இன்னும் பெயர்கள் இருக்கின்றன. பெரும்பாலும் மேலே சொன்ன குடும்பங்களிலிருந்து பிரிந்தவை, அல்லது ஒரு வழியின் உட்பெயர்கள். ஆரம்பத்தில் அவற்றைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கொரியாவுக்குக் குடிபோன ஷாண்டோங் சீனர்கள் மூலம் அங்கேயும் பிளம் பூ வழி வளர்ந்திருக்கிறது. வீடியோக்களில் கொரியப் பெயர்களோடு வருபவை பெரும்பாலும் அந்த வழிதான்.

அப்புறம் தெற்கு மாந்திஸ். இது தென் சீனாவின் குவாங்டோங் பகுதியில், முக்கியமாக ஹாக்கா என்ற சீன இனக்குழுவினரிடையே வளர்ந்த கலை. சோவ் குடும்ப வழி, சூ குடும்ப வழி, மூங்கில் காட்டு வழி, இரும்பு எருது வழி என்று நான்கு கிளைகள் சொல்வார்கள். சோவ் வழியில் நிறுவனர் பெயர் சோவ் ஆ நாம். சூ வழியினர் தங்கள் கலையை வீழ்ந்த மிங் அரச குடும்பத்தோடு இணைத்துச் சொல்கிறார்கள், அந்த அரச குடும்பத்தின் பெயரும் அதே எழுத்துதான். மூங்கில் காட்டு வழி ஒரு கோயிலையும் துறவிகளையும் சொல்கிறது. இந்தக் கதைகள் எதிலும் வாங் லாங் கிடையாது. வெளியுலகத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லாவ் சோய் (1866–1942), 1913-இல் ஹாங்காங்குக்கு வந்து கற்பித்தவர். மூங்கில் காட்டு வழியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் நியூயார்க் சைனாடவுனில் கற்பித்த லாம் சாங் (1910–1991).

வடக்கு மாந்திஸ் பழகிய ஒருவர் தெற்கு மாந்திஸ் வகுப்புக்குப் போனால் அவருக்குத் தெரிந்தது எதுவும் அங்கே இருக்காது. கொக்கிக் கை இல்லை. நீளமான நிலை இல்லை. தாவலும் உயர உதையும் இல்லை. நெஞ்சை உள்வாங்கி, முதுகை வளைத்து, முழங்கைகளை நடுக்கோட்டுக்குள் ஒடுக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நிற்பார்கள். உள்ளங்கை மேலே பார்க்க நிற்கும் அந்தக் கையைப் பிச்சைக்காரர் கை என்றே அவர்கள் சொல்வதுண்டு. அடிப்படை ஃபார்ம் மூன்று அடி அம்பு: மூன்று அடி முன்னால், திரும்பி மூன்று அடி, அவ்வளவுதான் இடம். குத்துவது ஆள்காட்டி விரலின் நடுமூட்டைத் துருத்திய முஷ்டியால், விலா எலும்பு, அக்குள் போன்ற இடங்களில். அந்த நேர்க்குத்து வந்தால் இவர் பிடிக்கவும் மாட்டார், உருட்டவும் மாட்டார். முன்கையால் அதைத் தொட்ட அதே நொடியில் முதுகிலிருந்து ஒரு அதிர்ச்சி புறப்பட்டு எதிராளியின் உடம்பைக் குலுக்கும், அந்தக் குலுக்கலுக்குள் குத்து போயிருக்கும். இதன் உண்மையான உறவினர்கள் தெற்கின் வெள்ளைப் புருவம், டிராகன் போன்ற ஹாக்காக் கலைகள். ஷாண்டோங்கோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு அவற்றோடு ஒப்பிட்டால் தெற்கு மாந்திஸ் நன்றாகப் புரியும். இரண்டில் எது உண்மையான மாந்திஸ் என்ற சண்டை எனக்கு வருத்தம் தருவது. இரண்டும் முழுமையான கலைகள், ஒன்றை வைத்து மற்றதை அளந்தால் இரண்டுக்கும் அநியாயம்.

வீடியோ பார்ப்பவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. பாதிக்கும் மேல் உங்கள் கண்ணில் படுவது இந்த எந்தக் கிளையும் இல்லை, சீன அரசின் போட்டி வூஷூவில் உள்ள மாந்திஸ் பிரிவு. தாவல், சுழற்சி, தரையில் உருளல், பூச்சி மாதிரித் தலையைச் சாய்த்துப் பார்ப்பது எல்லாம் மதிப்பெண்ணுக்காக அமைக்கப்பட்டவை. அதைத் தாழ்வாகச் சொல்லவில்லை, அதற்கு வேண்டிய உடல் திறமை அபாரம். ஜெட் லீயின் முதல் படமான 1982-இன் ஷாவ்லின் டெம்பிளில் குருவாக நடித்த யூ ஹாய் இந்த உலகத்தைச் சேர்ந்தவர், ஷாண்டோங்காரர், பாரம்பரிய மாந்திஸும் கற்றவர். அவர் கையசைவில் கொக்கி வெறும் அலங்காரமாக இல்லாமல் எதையோ உண்மையாகப் பிடிப்பது தெரியும். இன்றையப் போட்டியாளர்கள் எல்லோரிடமும் அதைப் பார்க்க முடியாது. சொந்த ஊரில் இந்தக் கலைக்கு இருக்கும் மதிப்புக்கு ஒரு அடையாளம்: 2008-இல் லாய்யாங்கின் மாந்திஸ் சீனாவின் தேசிய அளவிலான கலாசார மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கடைசியாக, கேள்வியில் நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும் அடுத்து வரப்போவது இதுதான்: இரண்டு கிளைகளைச் சேர்த்துக் கற்கலாமா? ஏழு நட்சத்திரத்தோடு பிளம் பூவோ எட்டு அடியோ கற்பது பிரச்சினை இல்லை, பழைய ஆசிரியர்களே அப்படித்தான் பழகினார்கள். ஆனால் ஒன்றில் கொக்கி, வாரல், பறித்தல் எதிர்ப்பவர் மேல் வேலை செய்யும் அளவுக்கு வந்த பிறகு போங்கள். ஆறு இணக்கத்தை ஏழு நட்சத்திரத்தின் ஆரம்ப வருடங்களில் கலக்க வேண்டாம். ஒன்று இழுக்கச் சொல்லும், மற்றது ஒட்டச் சொல்லும், கை இரண்டுக்கும் நடுவில் தடுமாறும். தெற்கு மாந்திஸ் என்றால் முதுகை வைத்துக்கொள்ளும் விதமே எதிர்மாறானது, ஆகவே அதைத் தனிக் கலையாக, தனி நேரத்தில், முதல் நாள் மாணவராகவே தொடங்குங்கள். எந்த ஆசிரியரிடம் போனாலும் முதல் வகுப்பில் ஃபார்ம் பெயர் கேட்காமல், உங்கள் மணிக்கட்டை நீட்டி ஒரு கொக்கி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து அவருடைய மறுகை எங்கே வருகிறது, கால் என்ன செய்கிறது என்று பாருங்கள். அவர் எந்தக் கிளை, எவ்வளவு தெரிந்தவர் என்ற இரண்டுக்கும் அந்த ஒரு தொடுதலில் பதில் கிடைத்துவிடும்.